ஞாயிற்றுக்கிழமை எட்டு

லண்டனில் படித்தவன் என்று தெரிந்தால் திருச்சியில் யாரும் என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. "அங்க நைட் லைஃப் எல்லாம் எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், என்னை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போய் மனைவிக்குக் கேட்காத குரலில் அதையே கேட்டான். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் லண்டன் வாழ்க்கையில் மறக்க முடியாத அந்த ஒரே இரவைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே அவன் முகம் தொங்கிப் போயிற்று. முழுவதும் கேட்டுவிட்டு, "போடா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

அப்போது நான் வால்தம்ஸ்டோவில் இருந்தேன். முதுகலைப் படிப்பு. பொரித்த கோழி விற்கும் கடைக்கு மேலே ஓர் அறை. அதை இன்னொரு மாணவனோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். கோழி வாசனை சட்டையிலும் போர்வையிலும் பாடப் புத்தகத்திலும் ஏறியிருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குப் பசியெடுக்கும். ஜன்னல் சரியாக மூடாது என்பதால் கம்பளித் தொப்பியோடுதான் தூங்குவோம். இப்போது கிங்ஸ்பரியில் சொந்த வீடு இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், பொட்டுக் காற்று உள்ளே வராது. ஆனாலும் அந்த அறையை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வயதாகிறது, அதனால்தான் என்கிறாள் மனைவி. எனக்கென்னவோ அந்தக் கோழி வாசனைதான் காரணம் என்று படுகிறது.

சனி ஞாயிறுகளில் பக்கத்திலிருந்த தமிழ்க் கடையில் எனக்கு வேலை. முதலாளி, வேலையாட்கள், வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லாருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் ஒருவன்தான் 'இந்தியாத் தம்பி'. தமிழ்க் கடைதானே, மொழிப் பிரச்சினை இருக்காது என்று நம்பித்தான் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே முதலாளி, "தம்பி, திறப்பு எங்கை?" என்று கேட்டார். "இன்னும் இல்லண்ணே, பத்து மணிக்குத்தானே திறப்பு?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போனார். சாவிக்கு அவர்கள் ஊரில் திறப்பு என்று பெயர்.

அந்த மாதிரி அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 'அவர் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் திட்டிவிட்டார் என்று பொருள். 'ஆறுதலா வாரும்' என்றால் அவசரப்படாமல் வா என்று பொருள். யாரும் யாரையும் தேற்றவில்லை. குளிர்காலம் வருவதற்குள், இனி என்னை யாரும் மடக்க முடியாது என்ற தெம்பு வந்துவிட்டது. எல்லாம் அந்தத் தெம்பினால் வந்த வினை.

கடையில் மீன் வெட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் அண்ணை என்பார்கள். எனக்கு வாயில் அண்ணே என்றுதான் வரும். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாமல் கேலி பேசுவார். என் தமிழைக் கேட்டு, "உம்மட கதையைக் கேக்க டிக்கெட் எடுத்துப் படம் பாத்த மாதிரிக் கிடக்கு" என்பார். மீன்தலை மிஞ்சினால் யாருக்கும் தெரியாமல் என் பையில் போட்டுவிடுவார். லண்டனில் என் முதல் குளிர்காலத்தைத் தாண்டியதில் பாதிப் பங்கு அந்த மீன்தலைகளுக்கு உண்டு.

கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் மூன்று வாரம் நான் கடைப்பக்கம் போகவில்லை. திரும்பிப் போன சனிக்கிழமை மீன்பகுதியில் வேறு யாரோ நின்றிருந்தார். அண்ணை லீவு என்றார் முதலாளி. விடுமுறைக்கு எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அண்ணையே கடைக்கு வந்தார். முகத்தில் அடர்த்தியாகத் தாடி.

"தாடி சூப்பரா இருக்குண்ணே. ஹீரோ மாதிரி இருக்கீங்க."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "ம்" என்றார். வழக்கமான கேலி வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன். நண்டு, இறால், கணவாய், ஆட்டிறைச்சி, முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கட்டிக் கொடுத்தேன். கடைசியில் ஒரு போத்தல் விஸ்கியும் கேட்டார். பையைத் தூக்கும்போது சொன்னார்:

"தம்பி, நாளைக்கு எங்கட வீட்டில எட்டு. நீரும் வாரும்."

"எட்டுக்காண்ணே? கண்டிப்பா வந்துடறேன்."

"ஓம். ஆறுதலா வாரும்."

அவர் போன பிறகு முதலாளியும் கேட்டார், "நீரும் எட்டுக்குப் போறீரோ?" என்று. ஆமாம் என்றேன். "நல்லது. போம், போம். கட்டாயம் போகவேணும்" என்றார். ஒரு விருந்துக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மனம் குளிர்ந்து போயிற்று. லண்டன் வந்து அத்தனை மாதங்களில் என்னை ஒருவர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறை நண்பனிடம் அவனுடைய பட்டுச் சட்டையைக் கடன் வாங்கினேன். அவன் அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது. மாம்பழ நிறம், காலரில் ஜரிகை. வெறுங்கையோடு போகக் கூடாது என்று சூப்பர்மார்க்கெட்டில் கேக் பார்த்தேன். என்ன விசேஷம் என்று கேட்டுக்கொள்ளாதது அப்போதுதான் உறைத்தது. பிறந்தநாள் வாழ்த்து எழுதிய கேக்கும், வெறுமே 'கங்ராஜுலேஷன்ஸ்' என்று எழுதிய கேக்கும் இருந்தன. யாருக்குப் பிறந்தநாள் என்று தெரியாமல் ஏன் வம்பு? பொதுவாக வாழ்த்தினால் எதற்கும் பொருந்தும் என்று இரண்டாவதை எடுத்தேன். வெள்ளை கிரீமின் மேல் நீல எழுத்து, ஓரத்தில் சர்க்கரைப் பூக்கள்.

சரியாக எட்டு மணிக்கு அவர்கள் தெருவில் இருந்தேன். வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன. உள்ளே பேச்சுச் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், கணவாய் பொரிக்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. இதற்கு மேலும் ஒருவனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மணியை அடித்தேன். நரைத்த கூந்தலைக் கொண்டை போட்ட ஓர் அம்மா கதவைத் திறந்தார். அண்ணையின் முகச்சாடை அப்படியே இருந்தது. கேக்கை இரண்டு கையாலும் நீட்டி, வாயெல்லாம் பல்லாக, உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்:

"வாழ்த்துக்கள்மா!"

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அந்த அம்மா என் சட்டையைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாக நான் உள்ளே பார்த்தேன். மாலை போட்ட ஒரு படம். அதன் முன்னால் குத்துவிளக்கு. வாழையிலை நிறைய நண்டும் இறாலும் இறைச்சியும். பக்கத்தில் ஒரு தம்ளரில் விஸ்கி. இலையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. வால்தம்ஸ்டோவில் தரை நல்ல கெட்டி.

அண்ணை எழுந்து வந்து என் தோளைப் பிடித்துச் சமையலறைக்கு, அவர்கள் பேச்சில் குசினிக்கு, தள்ளிக்கொண்டு போனார்.

"உமக்கு எட்டு எண்டால் என்ன எண்டு தெரியாதோ?"

"எட்டு மணின்னு நெனச்சேண்ணே."

அவர் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் மனுஷன் சிரித்தார். சிங்கைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அப்பா மோசம் போய்விட்டார் என்றார். மோசம் போவது என்றால் இறந்து போவது. அந்தச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்து என்ன பிரயோசனம்? ஆள் போய் எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது எட்டுச் செலவு. அதைச் சுருக்கமாக எட்டு என்பார்களாம். லண்டனில் சாவுச் சடங்கும் வார இறுதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதால் நாள் முன்னே பின்னே ஆகும், பெயர் மட்டும் மாறாது.

"உங்கட ஊரில எட்டு இல்லையோ?"

"எங்களுக்குப் பதினாறுண்ணே."

"அப்ப நீர் பதினாறு எண்டு சொல்லியிருந்தால் நானும் கேக்கோடதான் வந்திருப்பன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாடியை வேறு புகழ்ந்திருந்தேன். தகப்பன் செத்ததற்காக மழிக்காமல் விட்ட தாடி அது. போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் விடவில்லை. "சட்டையை மட்டும் மூடும்" என்று தன் கறுப்பு ஜாக்கெட்டைக் கொடுத்தார். கேக்கை எங்கே ஒளிப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குசினிக்குள் வந்தார். அண்ணையின் அம்மா, இறந்தவரின் மனைவி. மேசையில் இருந்த கேக்கைத் திறந்து பார்த்தார்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. தெரியாம..."

"அதில ஒண்டுமில்லை, தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ."

அண்ணை மெதுவாகச் சொன்னார், "அம்மா, இதை இலையில வைப்பம். தானா வந்திருக்கு."

"வேண்டாம்."

"படையலில ஒரு இனிப்புக்கூட இல்லை, அம்மா."

"அவருக்கு ஆகாது எண்டு சொன்னனான்தானே." குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, கணவாய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செத்தவருக்கு ஆகாதது என்று ஒன்று இருக்க முடியுமா? நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அண்ணை புரிந்துகொண்டிருக்க வேண்டும். பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிளும் பழைய மெத்தையும் போட்டு வைத்திருந்த சிறிய தோட்டம். அங்கே நின்று சொன்னார்.

அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி. ஊசி போட்டுத்தான் நாட்கள் ஓடின. இனிப்பென்றால் அவருக்கு உயிர். அம்மாவுக்குத் தெரியாமல் கடையில் லட்டு வாங்கி ஜாக்கெட் பையில் வைத்துத் தின்பார். அம்மா சலவைக்குப் போடும்போது பையில் பூந்தியைக் கண்டுபிடித்துச் சண்டை போடுவார். அந்த வீட்டில் அந்தச் சண்டை இல்லாத வாரம் கிடையாது. ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள், பக்கத்துக் கட்டில்காரருக்குப் பிறந்தநாள். நர்ஸ் வார்டு முழுக்கக் கேக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, நர்ஸிடம் வேண்டாம் என்று தலையாட்டினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று அப்பாவைச் சமாதானப்படுத்தினார். அன்று இரவே அப்பா போய்விட்டார்.

"எல்லாம் சமைச்சவ. இனிப்பு மட்டும் வைக்கமாட்டன் எண்டுறா," என்றார் அண்ணை. "ஏன் எண்டு கேட்டன். இப்ப குடுத்தால், அண்டைக்கு ஏன் தரேல்லை எண்டு அவர் கேப்பாராம்."

அந்த இரவில் அதுவரைக்கும் என் மானம் போனதைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கூட்டத்தில், இவ்வளவு சாப்பாட்டுக்கு நடுவில், அந்த அம்மா தனியாக ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் என் வெட்கமெல்லாம் அற்பமாகப் போயிற்று. கூடவே ஒரு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். ஒரு துண்டுக் கேக். கொடுத்திருந்தாலும் போயிருப்பார், கொடுக்காமலும் போனார். இதை அவரிடம் யார் சொல்வது?

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா ஒரு மாம்பழப் பெட்டியை எடுத்து வந்தார். கடைகளில் பழம் வருமே, அந்த அட்டைப் பெட்டி. அதற்குள் வாழையிலையை விரித்து, படைத்ததிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தார். அவர்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி அதைச் சந்தியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். போனவர் வந்து எடுத்துக்கொள்வார். வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.

பெட்டி நிறைந்தது. அம்மா அதை மூடாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, கண்ணாடி போடேல்லை. அந்தக் கேக்கில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வாழ்த்துக்கள்னு எழுதியிருக்கும்மா."

"ஆருக்கு?"

"தெரியலம்மா. உங்க வீட்ல யாருக்கோ நல்லது நடந்திருக்குன்னு நெனச்சுட்டேன்."

அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நல்லதுதான். இனி ஊசி இல்லைத்தானே அவருக்கு," என்றார். கத்தியை எடுத்தார். எழுத்துக்கு நடுவில் பெரிய துண்டாக, சர்க்கரைப் பூவோடு சேர்த்து வெட்டினார். அதை இலையின் மேல் வைக்கவில்லை. இலையைத் தூக்கி, அடியில் மறைவாக வைத்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வழமையா ஒளிச்சுத்தானே சாப்பிடுறவர்," என்றார். "சந்தியில எண்டால் நான் பாக்கமாட்டன்தானே. சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

பெட்டியை மூடி அண்ணையின் கையில் கொடுத்தார். "இந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. அவர் கொண்டு வந்த கேக்."

வெளியே நல்ல குளிர். பக்கத்துச் சந்தியில் மதுக்கடை. வாசலில் கூட்டமாக நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்தால் அப்பாவுக்கு முன்னால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்றார் அண்ணை. அடுத்த சந்தியில் பஸ் நிறுத்தம். அதற்கடுத்ததில் கம்பத்தில் ஓர் அறிவிப்பு: குப்பை கொட்டினால் கவுன்சில் அபராதம் போடும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. "அப்பா ஆயுசு முழுக்கக் கவுன்சிலுக்குப் பயந்த மனிசன். கேமராவைக் கண்டால் கிட்ட வரமாட்டார்," என்றார். பெட்டியைக் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு சந்தி தேடி அலைந்தோம். லண்டன் முழுக்கச் சந்திதான். ஒரு செத்த மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஒரு சந்தி இல்லை.

கடைசியில் மூன்று தெரு கூடும் ஓர் அமைதியான இடம் கிடைத்தது. தாழ்வான மதில், அதன்மேல் சாய்ந்த செடிவேலி. மதிலடியில் பெட்டியை வைத்துத் திறந்தோம். அண்ணை கற்பூரத்தை ஏற்றினார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நான் ஜாக்கெட்டை விரித்து மறைத்துக்கொள்ள, பற்றிக்கொண்டது. அப்போது பார்த்து நாயோடு ஓர் ஆங்கிலேயப் பெண்மணி வந்தார். என்ன செய்கிறீர்கள், இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறீர்களா என்று அதட்டலாகக் கேட்டார். அண்ணை எழுந்து நின்று, நடுங்கும் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "இது என் அப்பாவுக்கு."

அந்தப் பெண்மணி அப்பாவைத் தேடி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கற்பூரத்தைப் பார்த்தார், அண்ணையின் முகத்தைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். இறாலை நோக்கி முண்டிக்கொண்டிருந்த நாயை இழுத்துக்கொண்டு, மெல்லிய குரலில் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தெருவின் மறுபக்கம் போய்விட்டார். அந்த முகம் தெரியாத பெண்மணியின் மேல் எனக்கு இன்றும் ஒரு தனிப் பிரியம் உண்டு.

அண்ணை கும்பிட்டுவிட்டு, "இனித் திரும்பிப் பாக்கக் கூடாது," என்றார். நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு சரசரப்பு. பெட்டியின் அட்டை உரசுகிற சத்தம். அண்ணையின் நடை தளர்ந்தது. நின்றார். கழுத்து விறைத்துப்போய் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்க அவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"தம்பி, நீர் எங்கட வீட்டு ஆள் இல்லைத்தானே?"

"இல்லண்ணே."

"அப்ப உமக்கு இந்தச் சட்டம் இல்லை. நீர் பாரும்."

திரும்பினேன்.

"வடிவாப் பாரும்," என்றார் முன்னால் பார்த்தபடியே. கவனமாகப் பார் என்று அர்த்தம்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் நரி ஒன்று. லண்டனில் நரிகள் பூனைகளைப் போல் தெருவில் திரியும். நண்டை மோந்து பார்த்துவிட்டு விட்டது. இறைச்சியைத் தொடவில்லை. மூக்கால் இலையைப் புரட்டிவிட்டு, அடியில் தலையை நுழைத்தது. நிமிர்ந்தபோது வாயில் அந்தக் கேக் துண்டு இருந்தது, மூக்கு நுனியில் வெள்ளை கிரீம். அக்கம்பக்கம் ஒரு திருட்டுப் பார்வை பார்த்தது. பிறகு மதிலோரமாக ஒதுங்கி அவசர அவசரமாகத் தின்றது.

நரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கேக்கைத்தாண்ணே முதல்ல எடுத்தார்," என்றேன்.

அண்ணை யார் என்று கேட்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் கண்ணீர் வந்தது. என் அப்பா அப்போது திருச்சியில் சௌக்கியமாக இருந்தார். ஆனாலும் வந்தது.

வீட்டு வாசலில் அம்மா வாளியில் தண்ணீரோடு காத்திருந்தார். கால் கழுவினோம். அண்ணையிடம், "நீ பாத்திருக்க மாட்டாய்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்கள் பாத்தியளோ?"

அம்மாவும் மகனும் ஒரே சட்டப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள். பார்த்தேன் என்றேன்.

"எடுத்தவரோ?"

"எடுத்தாரும்மா."

"என்னத்தை முதல் எடுத்தவர்?"

"கேக்கைத்தான். இலையைத் தள்ளிட்டு அதைத்தான் எடுத்தார்."

"முழுக்கச் சாப்பிட்டவரோ?"

"முழுக்க. ஒரு துணுக்கு விடல."

அம்மாவின் முகம் தெளிந்தது. உடனேயே புருவம் சுருங்கியது. "அவ்வளவும் சாப்பிட்டால் சீனி எக்கச்சக்கமா ஏறப்போகுது இந்த மனிசனுக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே விறுவிறென்று குசினிக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். பிரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் அப்பாவின் இன்சுலின் ஊசிகள் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார். கழற்றிய பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

அண்ணை ஓரடி எடுத்து வைத்தார், பிறகு நின்றுகொண்டார். பிரிட்ஜ் திறந்தே கிடந்தது. பிறகு அம்மா மூடியைப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்தினார். கதவில் கையை வைத்தபடியே, தன் புருஷனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ," என்றார். "வயிறாரச் சாப்பிடுங்கோ. இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன்."